மரம் நடச் சொல்லும் படிப்பு அல்ல: சுற்றுச்சூழல் அறவியல் என்றால் என்ன?

சென்ற ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் நண்பரின் மகள் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். எதிர் இலைப் பெரியவர், "அடுத்து என்னம்மா படிக்கப் போகிறாய்?" என்று கேட்டார். "சுற்றுச்சூழல் அறவியல், மாமா. அமெரிக்காவில் முதுகலை" என்றாள். அவர் ரசத்தை நிதானமாக உறிஞ்சி முடித்துவிட்டு, "மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வேலை கிடைக்குமா?" என்றார். அவருக்கு அடுத்தவர் விடவில்லை. "பிளாஸ்டிக்கைக் கண்ட இடத்தில் போடாதே, மரம் நடு. அவ்வளவுதானே? அதற்கு எதற்கு விமானம் ஏற வேண்டும்?" அவள் சிரித்துவிட்டுப் பாயசத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவர்கள் இருவரையும் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பலர் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள் எழுதித் தேறியவர்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் தொடர்ச்சியாக எல்லாப் பட்டப்படிப்புகளிலும் கட்டாயமாக்கப்பட்ட தாள் அது. அதன் பாடத்திட்டத்தில் சமூகப் பிரச்சினைகள் என்ற அலகுக்குள் ‘சுற்றுச்சூழல் அறவியல்’ ஒரே ஒரு வரியாக வந்துபோகும். அந்த ஒரு வரியை நாம் நல்லொழுக்கப் போதனை என்று புரிந்துகொண்டோம். இந்தத் துறையில் போதனை அநேகமாக இல்லை, வழக்காடல்தான் உண்டு. என்ன வழக்கு, யார் வாதி, யார் பிரதிவாதி என்பதைத்தான் கீழே சொல்லப் பார்க்கிறேன்.

பரிசோதனைத் தாள் சொல்லாதது

எண்பத்தைந்து வயதுத் தாத்தாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்கிறோம். சர்க்கரை 280 என்று தாள் வருகிறது. பேரனின் கல்யாணத்தில் அவர் ஆசையாக ஒரு ஜாங்கிரி கேட்கிறார். கொடுக்கலாமா? பரிசோதனைத் தாளில் இதற்குப் பதில் கிடையாது. இன்னும் பத்துப் பரிசோதனை எடுத்தாலும் வராது. அவருடைய ஆயுள் பெரிதா, ஆசை பெரிதா, முடிவெடுக்கும் உரிமை அவருக்கா, மருந்து வாங்கிக் கொடுக்கும் மகளுக்கா? இவையெல்லாம் அளவெடுத்துத் தீர்க்கக்கூடிய கேள்விகள் அல்ல.

சுற்றுச்சூழல் அறிவியல் அந்தத் தாளைத் தருகிறது. ஆற்றில் குரோமியம் எவ்வளவு, காட்டில் புலி எத்தனை, நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று அது சொல்லும். சுற்றுச்சூழல் அறவியல் ஜாங்கிரி கேட்கும் இடத்தில் தொடங்குகிறது. "ஆறு கெட்டிருக்கிறது, ஆகவே ஆலையை மூட வேண்டும்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்த ‘ஆகவே’க்குள் ஒரு படி ஒளிந்திருக்கிறது. ‘இருக்கிறது’ என்று போய்க்கொண்டிருந்த பேச்சு சட்டென்று ‘வேண்டும்’ என்று மாறுகிறது. எந்த அனுமதியில் மாறியது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே கேட்டவர் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம். ஒளிந்திருக்கும் படியை வெளியே இழுத்துப் போட்டு, அது தாங்குமா என்று தட்டிப் பார்ப்பதுதான் அறவியல்.

இதனால் அறிவியல் வேண்டாம் என்று ஆகிவிடாது. 280 என்ற எண் தெரியாமல் ஜாங்கிரியைப் பற்றி வாதாடுவது வெறும் வாய்ப்பேச்சு. இத்துறையின் தந்தை என்று அழைக்கப்படும் ஹோம்ஸ் ரால்ஸ்டன் கிறிஸ்தவ சபைப் போதகராக இருந்தவர். போதகராக இருந்த காலத்திலேயே பல்கலைக்கழக உயிரியல் வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார்.

மிக்சி, பாட்டி, ஆட்டுக்கல்

வீட்டில் மிக்சி பழுதானால் என்ன செய்கிறோம்? ஆடித் தள்ளுபடியில் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குகிறோம். அரைக்கும் வரைதான் அதற்கு மரியாதை. வேறொன்றுக்குப் பயன்படுவதால் ஒரு பொருளுக்குக் கிடைக்கும் மதிப்பைக் கருவி மதிப்பு என்கிறார்கள்.

பாட்டியும் ஒரு காலத்தில் நமக்குச் சமைத்துப் போட்டவர்தான். இப்போது கை நடுங்குகிறது, சமைக்க முடியவில்லை. அதற்காக மாற்றுப் பாட்டி கிடைக்குமா என்று யாரும் கடைக்குப் போவதில்லை. அவருடைய மதிப்பு அவர் செய்யும் வேலையில் இல்லை, அவரிடமே இருக்கிறது. இது உள்ளார்ந்த மதிப்பு.

இவ்வளவும் எளிது. சிக்கல் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. பாட்டியின் ஆட்டுக்கல்லில் மாவரைத்து முப்பது வருடம் ஆகிறது. பழைய சாமான் வாங்குபவர் நல்ல விலைக்குக் கேட்டும் அம்மா கொடுக்க மறுக்கிறார். அது கருவியாகவும் இல்லை, ஏனென்றால் யாரும் அதில் அரைப்பதில்லை. பாட்டியைப் போலவும் இல்லை, ஏனென்றால் விற்றால் கல்லுக்கு ஒன்றும் வலிக்காது. அம்மா அதைக் கல்லுக்காகவே மதிக்கிறார். ஆனால் மதிப்பது அம்மா. அந்தக் குடும்பமே இல்லாமல் போனால் அது வெறும் கருங்கல்.

இப்போது ஒரு மழைக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மிக்சியா, பாட்டியா, ஆட்டுக்கல்லா? மேடையில் நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் மிக்சி வாதம். காடு இருந்தால்தான் மழை, மழை இருந்தால்தான் சோறு. வலுவான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. நாளைக்குக் கடல்நீரைக் குடிநீராக்குவது மிக மலிவாக முடிந்துவிட்டால், காட்டைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்று அதே வாதம் நம்மிடம் திரும்பி வரும். காட்டை நேசிக்கிற பலருக்கு இந்தப் பொறி கண்ணில் படுவதில்லை.

இதுவரை வந்தது இரண்டே விஷயம். அளவீடு வேறு, அறமுடிவு வேறு. பயனால் வரும் மதிப்பு வேறு, தன்னளவில் உள்ள மதிப்பு வேறு. ஆட்டுக்கல்லை மட்டும் கையில் வைத்திருங்கள், அது மறுபடி வரும்.

கடைசி மனிதனின் கோடரி

1973இல் பல்கேரியாவின் வர்ணா நகரில் உலகத் தத்துவ மாநாடு நடந்தது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ரிச்சர்ட் ரௌட்லி அங்கே ஒரு கற்பனைச் சூழலை முன்வைத்தார். இவர் பின்னாளில் தம் குடும்பப் பெயரைச் சில்வன் என்று மாற்றிக்கொண்டார். அந்தச் சொல்லுக்குக் காடு சார்ந்தது என்று பொருள்.

உலகம் அழிந்து ஒரே ஒரு மனிதன் மிஞ்சியிருக்கிறான். அவனும் சாகப் போகிறான். அவனுக்குப் பிறகு யாரும் இல்லை. போகிற போக்கில், தன்னால் முடிந்த மட்டும் ஒவ்வொரு செடியையும் விலங்கையும் அழித்துவிட்டுப் போகிறான். விலங்குகளுக்கு வலிக்காமல்தான் கொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் செய்தது தவறா?

மேற்படிப்பு வகுப்பு எப்படி நகரும் என்பதற்கு இந்தக் கேள்வியையே வைத்துக் காட்டலாம். "தவறுதான்" என்று மேசையைச் சுற்றி எல்லோரும் சொல்வார்கள். "ஏன்?" என்பார் பேராசிரியர். "இவ்வளவு அழகு அழிந்துபோகிறதே" என்பார் ஒருவர். "அழகை யார் பார்க்கப் போகிறார்கள்?" சற்று அமைதி. "வருங்காலத் தலைமுறைக்கு இல்லாமல் போகிறது." "தலைமுறையே இல்லையே." "அவன் மனம் அப்படிக் குரூரமாக இருப்பதே தவறு." "மனத்தைப் பற்றிய தீர்ப்பு அது. காட்டைப் பற்றி இன்னும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை." இப்படி மூன்று மணி நேரம் போகும்.

மதிப்பெல்லாம் மனிதனிலிருந்தே வருகிறது, மனிதனுக்கே சேர்கிறது என்ற நிலைப்பாட்டுக்கு மனித மையவாதம் என்று பெயர். அந்த நிலையிலிருந்து பார்த்தால் கடைசி மனிதன்மேல் குற்றம் சுமத்த வழியில்லை. அவனால் எந்த மனிதருக்கும் நட்டமில்லை. ஆனாலும் நம் மனம் ‘தவறு’ என்கிறது. ஒன்று மனம் தப்பு, இல்லையென்றால் கொள்கை தப்பு. காடு வெறும் ஆட்டுக்கல் என்றால், மதிப்பவர் போனதும் மதிப்பும் போயிருக்க வேண்டும். போகவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், ஏன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு இதில் இன்னும் தெளிவு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ரௌட்லி பக்கம், ஒரு நாள் அம்மா பக்கம்.

யாருக்கெல்லாம் பத்திரிகை வைப்பது?

வீட்டில் கல்யாணம் என்றால் முதல் சண்டை பட்டியலில்தான் வரும். யாருக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைப்பது, யாருக்குத் தபாலில் அனுப்புவது, யாரை விட்டுவிடலாம்? அறவியலிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. ஒரு முடிவு எடுக்கும்போது யாருடைய நலனைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டுமோ அவர்களுக்கு அறத் தகுதி உண்டு என்பார்கள். சண்டை, பட்டியலை எங்கே முடிப்பது என்பதில்.

மனித மையவாதி மனிதர்களோடு நிறுத்திவிடுவார். ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1970களில், வலியை உணரக்கூடிய எல்லாமே பட்டியலில் வர வேண்டும் என்று வாதாடினார். கோழிக்கு வலிக்கும், ஆகவே கோழிக்குப் பத்திரிகை உண்டு. ஆலமரத்துக்கு வலிக்காது, ஆகவே இல்லை. 1986இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் பால் டெய்லர் கோட்டை இன்னும் தள்ளிப் போட்டார். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் உயிரும் தன் வாழ்வைத் தன் வழியில் நிறைவேற்றிக்கொள்ள முயல்கிறது, வேர் தண்ணீரைத் தேடிப் போவதும் அப்படித்தான், ஆகவே எல்லா உயிருக்கும் தகுதி உண்டு என்றார். இதை உயிர் மையவாதம் என்கிறார்கள்.

இவர்கள் மூவரும் தனித்தனி ஆட்களைத்தான் எண்ணுகிறார்கள். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த ஆல்டோ லியோபோல்ட், குடும்பத்தையே ஒன்றாக எண்ணினார். இளவயதில் அவர் ஓநாய்களைச் சுட்டுக்கொண்டிருந்தவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், ஓநாயே இல்லாவிட்டால் வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று கணக்குப் போட்டிருந்தார். ஒரு முறை சுடப்பட்ட தாய் ஓநாய் ஒன்றின் அருகே போனபோது அதன் கண்ணில் ஒரு பச்சைத் தீ அணைவதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பிறகு ஓநாய் ஒழிந்த மலைகளில் மான் பெருகிச் செடிகொடிகளை மேய்ந்து தீர்த்ததையும், பின்பு பசியில் மான்களே செத்து விழுந்ததையும் கண்டார். 1948இல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில்தான் ‘நில அறம்’ என்ற கருத்து வருகிறது. மண், நீர், தாவரம், விலங்கு எல்லாம் சேர்ந்த சமூகத்தின் முழுமையையும் நிலைத்தன்மையையும் அழகையும் காப்பதே சரி, குலைப்பது தவறு என்பது அதன் சாரம். தனி உயிரைவிட இந்த முழுமைக்கு முதலிடம் தரும் பார்வையைச் சூழல் மையவாதம் என்பார்கள்.

பனியில் சிக்கிய காட்டெருமை

பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் நல்லவர்களாகிவிடுவோம் என்று தோன்றும். ஆனால் பட்டியலில் உள்ளவர்களே ஒருவரோடொருவர் மோதும்போதுதான் இந்தத் துறை சூடு பிடிக்கிறது.

1983 பிப்ரவரி. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உறைந்து கிடந்த ஆற்றின் மேல் நடந்துபோன காட்டெருமை ஒன்று பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தது. ஏறி வர அது திமிறத் திமிற ஓட்டைதான் பெரிதானது. பொழுது சாயும் நேரத்தில் பனி வண்டிகளில் வந்த சிலர் அதைப் பார்த்து, கொம்பில் கயிறு போட்டு இழுத்தார்கள். கிட்டத்தட்ட மேலே வந்துவிட்டது, ஆனால் முழுதாக வரவில்லை. இருட்டிவிட்டதால் விட்டுவிட்டுப் போனார்கள். காலையில் எருமை செத்திருந்தது, அதைச் சுற்றிப் பனி மறுபடி இறுகியிருந்தது. வெளியே தெரிந்த பகுதியை ஓநாய் இனத்துக் கோயோட்டிகளும் அண்டங்காக்கைகளும் தின்றன. வசந்தத்தில் பனி உருகியபின் ஒரு கரடி மிச்சத்தைத் தின்றது. கொம்பில் கயிற்றுத் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பூங்கா நிர்வாகம் தலையிடக் கூடாது என்றே சொல்லியிருந்தது. காப்பாற்றவும் வேண்டாம், வலி தீரச் சுட்டுவிடவும் வேண்டாம், இயற்கை தன் வழியில் போகட்டும் என்பது அதன் கொள்கை. மனச்சாட்சியுள்ள சிலருக்கு இது பொறுக்கவில்லை. ரால்ஸ்டன் பூங்காவின் பக்கம் நின்றார். வீட்டு நாய்க்குச் செய்ய வேண்டிய கடமை வேறு, காட்டு விலங்குக்குச் செய்ய வேண்டியது வேறு என்பது அவர் வாதம். அந்தச் சாவு கரடிக்கு உணவு. குளிரில் தாங்குபவை தங்குவதும் தாங்காதவை போவதும்தான் அந்த இனத்தையே இப்படி வார்த்தது. சிங்கர் வழியில் யோசிப்பவருக்கோ, கண்ணெதிரே துடிக்கும் உயிரின் வலிதான் கணக்கு. அது காட்டில் இருக்கிறதா, தொழுவத்தில் இருக்கிறதா என்பது வலிக்குத் தெரியாது.

இதைவிடக் கடினமான வழக்கு கலிபோர்னியாக் கடலில் உள்ள சான் கிளமென்ட்டே தீவு. மனிதர் கொண்டுவிட்ட ஆடுகள் அங்கே பல்கிப் பெருகி, உலகில் வேறெங்கும் இல்லாத செடிகளை மேய்ந்து தீர்த்துக்கொண்டிருந்தன. தீவு அமெரிக்கக் கடற்படையின் வசம் இருந்தது. அது ஆடுகளைச் சுடப் புறப்பட்டபோது விலங்கு நல அமைப்பினர் நீதிமன்றம் போனார்கள். ஆயிரக்கணக்கான ஆடுகள் ஒரு பக்கம், சில நூறு செடிகள் ஒரு பக்கம். ஆடு ஓர் இனமாக அழியப் போவதில்லை, செடி அழிந்துவிடும். ஆனால் குண்டு பட்டால் வலிப்பது ஆட்டுக்கு. லியோபோல்டின் வழியில் போனால் சுடலாம் என்றாகிறது. அதே தர்க்கத்தை மனிதக் கூட்டத்தின் மேல் திருப்பினால் என்ன ஆகும் என்று கேட்ட டாம் ரீகன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர், இதைச் சூழல் பாசிசம் என்றே சாடினார்.

ஆக, ‘இயற்கையை நேசிப்பவர்கள்’ என்று ஒரே கட்சி கிடையாது. ஆட்டை நேசிப்பவரும் செடியை நேசிப்பவரும் நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்றிருக்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு மறுப்பு

இந்த விவாதம் நெடுநாள் வெள்ளைக்காரர்களின் வீட்டுச் சண்டையாகவே இருந்தது. 1989இல், இத்துறையின் முதன்மை ஆய்விதழான ‘என்விரான்மென்டல் எத்திக்ஸ்’ இதழில் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதிய கட்டுரை அந்த நிம்மதியைக் கெடுத்தது. மனித மையமா உயிர் மையமா என்று நீங்கள் சண்டை போடுவதே இடம் மாறிய சண்டை என்றார் அவர். பூமியை நசுக்குவது பணக்கார நாடுகளின் நுகர்வும் இராணுவமயமும்தான், அவை இரண்டுமே உங்கள் இரண்டு கட்சிக்கும் வெளியே நிற்கின்றன. இன்னொன்றும் சொன்னார்: மனிதர் வாழாத காடுதான் தூய காடு என்ற அமெரிக்கக் கற்பனையை, மக்கள் நெருக்கமாக வாழும் இந்தியாவுக்கு அப்படியே கொண்டுவந்தால் புலிக்கு இடம் கிடைக்கும், ஏழைக் குடியானவர் வெளியேற்றப்படுவார்.

இன்று இத்துறையின் பாடப்பட்டியல்களில் அடிக்கடி தென்படும் கட்டுரைகளில் இதுவும் ஒன்று. புலி காப்பகத்தின் எல்லைக்குள்ளிருந்து கிளப்பப்பட்ட குடும்பத்துக்கு, காட்டின் உள்ளார்ந்த மதிப்பைப் பற்றிய பேச்சு எப்படிக் கேட்கும் என்று நாம் யோசிக்கத்தான் வேண்டும்.

சுவாமி பெயரில் நிலம்

‘ஆற்றுக்கு உரிமை’, ‘மலைக்கு உரிமை’ என்று செய்தி வரும்போது பலர் இதுதான் சுற்றுச்சூழல் அறவியல் என்று நினைத்துவிடுகிறார்கள். தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நமக்கு இது புரியக் கோயில் போதும். நிலம் சுவாமி பெயரில் இருக்கும், வழக்கும் சுவாமி பெயரில் நடக்கும், அறங்காவலர் சார்பாக நிற்பார். பத்தூர் நடராஜர் சிலை திருட்டுப் போய் லண்டனில் அகப்பட்டபோது, இடிந்து கிடந்த கோயிலையே வழக்காடத் தகுதியுள்ள சட்ட நபராக 1991இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்ட நபர் என்றால், நீதிமன்றத்தில் தன் பெயரில் உரிமை கேட்கத் தகுதி பெற்றது என்று பொருள். மரங்களுக்கும் இந்தத் தகுதியைத் தரலாம் என்று 1972இலேயே அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஸ்டோன் எழுதினார். 2017இல் நியூசிலாந்து வாங்கனுயி ஆற்றைச் சட்ட நபராக்கி, அதற்காகப் பேச இரண்டு பேரை நியமிக்க வழி செய்தது. 2022 ஏப்ரலில், மேகமலைப் பகுதியில் வன நிலத்துக்குப் பட்டா வழங்கியது தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையையே உயிருள்ள சட்ட நபராக அறிவித்தது.

ஆனால் கம்பெனியும் ஒரு சட்ட நபர்தான். கம்பெனிக்கு உள்ளார்ந்த மதிப்பு உண்டு என்று யாரும் விளக்கேற்றிக் கும்பிடுவதில்லை. சட்ட நபர் என்பது நாம் வசதிக்காகப் போட்டுக் கொடுக்கும் சட்டை. உள்ளே உடம்பு இருக்கிறதா என்பது அறவியலின் கேள்வி.

சரி, பல்கலைக்கழகத்தில் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சான்றிதழில் பெரும்பாலும் ‘தத்துவம்’ என்றுதான் இருக்கும், சுற்றுச்சூழல் என்பது சிறப்புப் பிரிவு. அமெரிக்காவில் இதற்குப் பெயர்பெற்ற இடங்கள் மொன்டானா பல்கலைக்கழகம், ரால்ஸ்டன் 1968 முதல் கற்பித்த கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம், டெக்சாஸ் மாநிலம் டென்ட்டன் ஊரில் உள்ள வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவை. மேலே சொன்ன ஆய்விதழை 1979இல் தொடங்கிய யூஜின் ஹார்க்ரோவ் 1990இல் டென்ட்டனுக்கு வந்தார், இதழும் கூடவே வந்தது. 1971இல் விஸ்கான்சினில், இத்துறையின் முதல் வகுப்பு எனப்படுவதை நடத்திய பேர்ட் கேலிகாட்டும் பிறகு அங்கேயே வந்து சேர்ந்தார்.

தத்துவத் துறை என்பதால் தர்க்கம், பிளேட்டோ, கான்ட் எதுவும் தப்பாது. சூழலியல் பாடமும் சேர்ந்து வரும். முதுகலை பொதுவாக 2 ஆண்டு, முனைவர் பட்டம் ஐந்தோ அதற்கு மேலோ. விரிவுரையைவிடக் கருத்தரங்க வகுப்புகளே அதிகம். பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே ஒரு கட்டுரையை வரி வரியாகப் பிய்ப்பார்கள். ‘இந்தப் பத்தியில் ஆசிரியர் சொல்லாமல் நம்பியிருப்பது எது?’ என்பதுதான் அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்வி. உங்கள் கருத்து என்ன என்று யாரும் கேட்பதில்லை, கருத்துக்குக் காரணம் என்ன என்றுதான் கேட்பார்கள். நம் ஊரில் மனப்பாடத்தில் முதல் வகுப்பு வாங்கியவர்களுக்கு முதல் பருவம் கசக்கும்.

எல்லாம் மேசையிலேயே நடப்பதுமில்லை. டென்ட்டன் பல்கலைக்கழகம் சிலி நாட்டின் தென்கோடியில், நவாரினோ தீவில் உள்ள ஓமோரா பூங்காவோடு சேர்ந்து களப் படிப்பு நடத்திவந்திருக்கிறது. ஓமோரா என்பது அங்குள்ள யாகான் மக்கள் மொழியில் ஒரு ரீங்காரச் சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வகையின் பெயர். சிலி நாட்டுச் சூழலியலாளரும் தத்துவப் பேராசிரியருமான ரிக்கார்டோ ரோசி அங்கே வருபவர்கள் கையில் ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து மண்டியிடச் சொல்வார். கண்ணாடி வழியே, பாறைமேல் படர்ந்த பாசிகள் காடாக விரியும். பூமியின் நிலப்பரப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தப் பகுதியில், உலகின் பாசி இனங்களில் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பாசிக்குப் புலியைப் போல் கண் இல்லை, மிடுக்கு இல்லை, பெரிய பயனும் சொல்வதற்கில்லை. குனிந்து பார்க்காதவரை அது பட்டியலிலேயே இல்லை. குனிந்த பிறகு மாறியது பாசியின் மதிப்பா, பார்த்தவரின் மனமா? ஆட்டுக்கல் கேள்வி அங்கேயும் வந்து நிற்கிறது.

சேர்வதும் பிழைப்பதும்

விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிட அதிகம் பேசுவது எழுத்து மாதிரி, அதாவது நீங்களே எழுதிய வாதக் கட்டுரை ஒன்று. சமூக சேவைச் சான்றிதழ், மரம் நட்ட படம் எல்லாம் அதற்கு ஈடாகாது. முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பயிற்று உதவியாளர் பணி கிடைப்பது வழக்கம். இளநிலை மாணவர்களின் தாள் திருத்திக் கொடுத்தால் கட்டணம் தள்ளுபடியாகி மாத உதவித்தொகையும் வரும். முதுகலைக்கு இது அவ்வளவு நிச்சயமில்லை, கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடன் வாங்க வேண்டும்.

வேலையா? பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. பூங்கா நிர்வாகம், காலநிலைக் கொள்கை, தொண்டு நிறுவனங்கள், சட்டம் என்று கிளை பிரிந்து போகிறவர்களே அதிகம். வாரியத்தில் பொறியாளர் வேலைக்கு இந்தப் படிப்பு உதவாது. பந்திப் பெரியவருக்கு நேர்மையான பதில் அதுதான்.

நண்பரின் மகள் எழுத்து மாதிரிக்கு எடுத்துக்கொண்டது சீமைக்கருவேலத்தை. அயல்மரம், பரவிய இடத்தில் வேறெதையும் தலையெடுக்க விடாது, வெட்டி ஒழிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. அதையே வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட்டுப் பிழைக்கும் இராமநாதபுரத்துக் குடும்பங்கள் மறு தரப்பு. கண்மாயின் தரப்பு, அங்கே கூடு கட்டும் பறவைகளின் தரப்பு என்று இருபது பக்கம் எழுதியிருந்தாள். அனுப்புவதற்கு முன் தன் பழைய ஆசிரியையிடம் காட்டினாள். அவர் பிழை எதுவும் திருத்தவில்லை. கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால், "எல்லோரும் பேசிவிட்டார்கள். மரத்தின் தரப்பு எங்கே?" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. அவள் ஏழாம் பக்கத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினாள்.